வெள்ளச்சி நின்ற இடம்

ஓலப்பாளையம் தாண்டியதும் வெள்ளச்சி ஒரு விக்கு விக்கினாள். நாச்சிமுத்து காதில் விழாத மாதிரி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தான். பக்கத்து சீட்டில் கோகிலவாணி உட்கார்ந்திருக்கிற நேரத்தில் விக்கலாவது ஒன்றாவது. வெள்ளச்சி என்றால் மாடு இல்லை, வேன். டீசல் வேன், வெள்ளை வேன், அதாவது ஒரு காலத்தில் வெள்ளை. காங்கேயம் பக்கத்து ஆட்கள் மாட்டுக்குத்தான் பேர் வைப்பார்கள், நாச்சிமுத்துவுக்கு மாடு இல்லாததால் வேனுக்கு வைத்துவிட்டான், நாற்பது தாண்டியும் பெண்டாட்டி இல்லாததால் வைத்தான் என்று சொல்கிறவர்களும் வெள்ளகோவிலில் உண்டு, சொல்லிக்கொள்ளட்டும், அவர்கள் வாய்க்குப் பூட்டா போட முடியும். பின்னால் மூன்று தையல் மிசின், துணி வெட்டுகிற மேசை, போர்வை சுற்றின ஆளுயரக் கண்ணாடி, அப்புறம் 'கோகிலவாணி டெய்லர்ஸ்' என்று எழுதின போர்டு, எழுத்து தலைகீழாக. அந்த போர்டைக் கழற்றினவன் அவன்தான். கடை திறந்த அன்று ஆணி அடித்தவனும் அவன்தான், அதனாலோ என்னவோ ஒரு ஆணிகூட லேசில் வரவில்லை. இன்றைக்கு விஜயதசமி, எதைத் தொடங்கினாலும் விளங்கும் என்று திருப்பூரிலிருந்து அவள் தங்கச்சி சித்ரா நாள் பார்த்துக் கொடுத்துவிட்டாள், அக்காவுக்குப் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை, இருக்க வீடு, எல்லாம் தயார். திருப்பூரில் சாமானை இறக்கிவிட்டால் கதை முடிந்தது. அதற்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும். வெள்ளகோவில் எல்லை தாண்டும் முன்னே சொல்லிவிடலாம் என்றிருந்தான், அப்புறம் நூற்பாலை வாசலில் என்றிருந்தான், அப்புறம் ஓலப்பாளையத்தில் வேகத்தடை வருமே, வண்டி மெதுவாகும்போது சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தான். வேகத்தடை வந்தது, போனது. வாய்க்குள் நாக்கு இருக்கிறதா என்று ஒரு தரம் துழாவிப் பார்த்தான். இருந்தது.

மறுபடியும் விக்கல், இந்தத் தடவை ரெண்டாக. ஆக்சிலேட்டரை மிதித்தால் ஏற வேண்டிய சத்தம் ஏறாமல் கீழேயே கிடந்து முனகியது, பின்னால் மிசின்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. மிஸ்ஸாகிறது. டீசலைப் பீச்சுகிற நாசில் ஒன்று கோளாறா, எல்லாமா? ஒரு நாசில் என்றால் தாளம் தப்பித் தப்பி வரும். இது தாளம் தப்பவில்லை, மொத்தமாக இளைக்கிறது, பசித்தவன் மாதிரி இளைக்கிறது. டீசல் பத்தவில்லை. எப்படிப் பத்தாமல் போகும்? நேற்றுப் பூசைக்கு முன்னால் கழுத்து வரைக்கும் நிரப்பியிருக்கிறான், ஆயுத பூசையன்று வண்டியின் வயிறு நிறைந்திருக்க வேண்டும் என்பது அவன் வைத்திருக்கிற சட்டம். டேங்க் நிறைந்திருக்கிறது, அதைப் பற்றி ரோசனையே வேண்டாம். பில்டரும் புதுசு, நேற்றுக் காலையில்தான் மாற்றினான். அட கெரகமே, நேற்று மாற்றினதா! கை வைத்த இடத்தில்தானே கோளாறு வரும். வாசரைச் சரியாக உட்கார வைத்தானா? வைக்கிற நேரத்தில்தான் ஷெட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம், கடையில், இவள் மிசினைத் துடைத்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள், பாட்டு மாதிரி இருந்தது, வார்த்தை பிடிபடவில்லை, காது அங்கே போய்விட்டது, கை இங்கே என்ன செய்ததோ யார் கண்டது. "ஏனுங்க, வண்டி ஒரு மாதிரி இழுக்குதுங்களே" என்றாள் கோகிலவாணி. ஏனுங்க. இதைச் சொல்லியாக வேண்டும். வெள்ளகோவிலில் அவளுக்கு ஆம்பளை என்று எவன் எதிரே வந்தாலும் அண்ணன்தான், பால்காரர் அண்ணா, கரண்டு ஆபீஸ்காரர் அண்ணா, தலை நரைத்த நூல்கடைக்காரர்கூட அண்ணா. பக்கத்து ஷெட்டுக்காரனான இவனை மட்டும் ஒரு நாள்கூட அண்ணா என்று கூப்பிட்டதில்லை. ஏனுங்கதான். அந்த ஒரு ஏனுங்கவை வைத்துக்கொண்டு மனுசன் எத்தனை வருசமாக உள்ளுக்குள்ளே கோட்டை கட்டிக் குடியிருக்கிறான் தெரியுமா. "ஒண்ணுமில்லீங்க, புது பில்டரு, பழகோணுமல்லங்க" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னான். பில்டர் பழகுமாம். சொன்ன வாய் மூடுவதற்குள் வெள்ளச்சி ஒரு நீளமான பெருமூச்சு விட்டு, ரோட்டோரம் வேலமரத்து நிழல் பார்த்து, தானாகவே நின்றுவிட்டாள்.

சாவியைத் திருகினான். செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, பேட்டரிக்குக் குறை இல்லை, ஆனால் என்ஜின் பிடிக்க மாட்டேன் என்கிறது. புகைக்குழாயில் புகைகூட இல்லை, புகை இல்லை என்றால் டீசல் உள்ளேயே போகவில்லை என்று அர்த்தம், இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. இன்னொரு தரம் திருகினான், இன்னொரு தரம். அப்போது மனசுக்குள் ஒரு சைத்தான் மெதுவாக வந்து உட்கார்ந்து, அட மடையா, நின்றது நல்லதுக்குத்தானே என்றது. வண்டி கிளம்பவில்லை என்று சொல்லு. பம்ப்பே போய்விட்டது என்று சொல்லு. கட்டி இழுத்துக்கொண்டு வெள்ளகோவிலுக்கே திரும்பு, இன்றைக்குக் கெட்டால் நாள் கெட்டது, விஜயதசமி போனால் அப்புறம் தீபாவளி, தீபாவளிக்கு யாராவது தையல்கடையைக் காலி பண்ணுவார்களா, ஜாக்கெட் தைக்கிற பெண்கள் வாசலில் வரிசை கட்டி நிற்பார்களே. கேட்கச் சுகமாகத்தான் இருந்தது. ஒரு நிமிசம் அந்தச் சுகத்திலேயே உட்கார்ந்திருந்தான். அப்புறம் தூ என்றிருந்தது. பொய் சொல்லி ஒருத்தியை நிறுத்தி வைத்தால் அவள் நின்றதாக ஆகுமா? வண்டிக்காரன் வண்டி மேல் பழி போட்டுப் பிழைக்கிற பிழைப்பு நாறப் பிழைப்பு. போக நினைக்கிறவளைக் கொண்டுபோய் விடத்தான் ஏற்றியிருக்கிறான், கொண்டுபோய் விடுவான், வழியில் சொல்ல வாய் வந்தால் சொல்லுவான், வராவிட்டால் அவன் தலையெழுத்து. "எறங்க வேண்டாங்க, இங்கியே பாத்துர்றேன்" என்றான். இந்த வேனில் என்ஜின் ரெண்டு சீட்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது. மேலே போட்டிருந்த பெட்டியைத் தூக்கினதும் சூடு குப்பென்று ரெண்டு பேர் முகத்திலும் அடித்தது, அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஆனாலும் எட்டிப் பார்த்தாள்.

எட்டிப் பார்க்கிறாள். இத்தனை கிட்டத்தில் அவளை வைத்துக்கொண்டு ஸ்பேனர் பிடித்ததில்லை. சுவர் ஒன்று எப்போதும் நடுவில் இருந்தது, நல்ல சுவர், ஒற்றைக்கல் சுவர், சத்தத்தை அப்படியே விடும். அந்தச் சுவர் வழியாக அவள் மிசின் சத்தம் கேட்டே அவனுக்கு அவளைப் பற்றி முக்கால்வாசி தெரியும். கடகடவென்று நிற்காமல் ஓடினால் கல்யாண வீட்டுத் துணி. நின்று நின்று ஓடினால் யாரோ ஒருத்தி அளவு ஜாக்கெட்டே இல்லாமல் தைக்கச் சொல்லியிருக்கிறாள். மதியம் ஒரு மணிக்கு நின்றால் சாப்பாடு, நிற்காவிட்டால் வீட்டில் யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள், புருசன் வேண்டாமென்று தீர்த்துக்கொண்டு வந்தவளுக்குக் கடை ஒரு கேடா என்கிற மாதிரி. அப்படிப்பட்ட நாளில் பெடலை மிதிக்கிற மிதியே வேறு. அப்போதெல்லாம் அவனும் இந்தப் பக்கம் சும்மா ஒரு சுத்தியலை எடுத்து எதையாவது தட்டுவான், நான் இருக்கிறேன் என்கிற மாதிரி. தட்டினது அவளுக்குக் கேட்டதா, கேட்டாலும் அப்படி அர்த்தமானதா, கடவுளுக்கே வெளிச்சம். நாளையிலிருந்து அந்தச் சுவர் சத்தமே இல்லாமல் நிற்கும். அதை நினைத்ததும் ஸ்பேனர் வழுக்கி விரல் முட்டியில் இடித்தது. "பாத்துங்க" என்றாள். "ஒண்ணுமில்லீங்க" என்றான். பில்டர் தலையில் ஒரு சின்னத் திருகு உண்டு, அதைத் தளர்த்திக் கைப்பம்பை அமுக்கினால் குழாயில் புகுந்த காற்று நுரை நுரையாக வெளியே வந்துவிடும், அதுதான் ஏர் எடுக்கிறது என்பது. திருகைத் தளர்த்தினான். ஸ்ஸ் என்று காற்று உள்ளே இழுத்த மாதிரி ஒரு சத்தம். வெளியேதானே வர வேண்டும்? அந்த நினைப்பு வந்த வேகத்திலேயே அவள் வளையல் என்ஜின் பெட்டியில் உரசின சத்தம் வந்து அதை அடித்துக்கொண்டு போய்விட்டது. அமுக்கினான், அமுக்கினான், நுரை வந்தது, அப்புறம் சுத்தமான டீசல் வந்தது. திருகை இறுக்கிவிட்டுச் சாவியைத் திருகினான், வெள்ளச்சி ஒன்றுமே நடக்காதவள் மாதிரி எழுந்து நின்றாள்.

"கைராசிக்காரருங்க நீங்க" என்று கோகிலவாணி சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு வண்டி இன்னும் வேகமாக ஓடுகிற மாதிரி இருந்தது, வாசர்தான், வாசரேதான், காற்று புகுந்திருக்கிறது, சரி பண்ணியாயிற்று, ஆகா. ரெண்டு பக்கமும் மாடு மேய்கிற கொரங்காடு, கிளுவை வேலி, மழை பெய்து புல் தலை காட்டியிருந்தது, தூரத்தில் காற்றாலைகள் நிதானமாகக் கை சுற்றிக்கொண்டிருந்தன. சந்தோசத்தில் விசில் அடிக்க வாய் குவிந்தது. குவிந்த பிறகுதான், எதற்குடா சந்தோசம், இவளைச் சீக்கிரம் கொண்டுபோய்த் தொலைக்கிறதற்கா என்று உறைத்தது. ஆடி மாசம் அவள் ஷெட் வாசலில் வந்து நின்ற நாள் அப்படியே கண்ணுக்கு முன்னால் வந்தது. இந்த நினைப்பு ஒன்று, எத்தனை தரம் விரட்டினாலும் வாலை ஆட்டிக்கொண்டு வந்துவிடும். அவன் வெள்ளச்சிக்கு அடியில் மல்லாந்து கிடந்தான், அவள் பாதம் மட்டும் தெரிந்தது, மெட்டி இல்லாத விரல்கள், செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டிருந்தாள், ஷெட்டுக்குள் வருவதற்குச் செருப்பைக் கழற்றுகிற ஒரே ஆள் அவள்தான். "திருப்பூருக்குத் தங்கச்சி கூப்படறாளுங்க" என்றாள். "போலாமாட்டத்தான் இருக்குது. இங்க இருக்கறதுக்கும் ஒரு காரணம் வேணுமல்லங்க?" என்றாள். அதற்கு இந்த மகராசன் என்ன சொன்னான் தெரியுமா? "ஆமாங்க, வேணுமுங்க" என்றான். அவ்வளவுதான். சொல்லிவிட்டுக் கிரீஸ் துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தான், ஏற்கெனவே துடைத்த இடத்தை. பாதம் கொஞ்ச நேரம் நின்றது, அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டு போனது. அன்றைக்கு சாயங்காலமே புத்தி வந்தது, வந்து என்ன, அவள் தங்கச்சிக்குப் போன் போட்டுச் சரி என்று சொல்லியாயிற்று. பெண் பார்க்கப் போன வீடுகளில்கூட இப்படித்தான், டிரைவரா என்று கேட்பார்கள், ஆமாங்க என்பான், சொந்த நிலம் இல்லையா என்பார்கள், ஆமாங்க என்பான். ஆமாங்க ஆமாங்க என்றே அத்தனை சம்பந்தமும் தட்டிப்போயிற்று.

அவள் போன் அடித்தது. சித்ராதான், வண்டிக்குள் இருக்கிற எல்லோருக்கும் கேட்கிற குரல் அவளுக்கு. "எங்கக்கா வர்ற? ராகு காலம் வர்றதுக்குள்ள பாலக் காய்ச்சோணும், அந்த டிரைவரு உருட்டறாரா ஓட்டறாரா?" கோகிலவாணி ஓரக்கண்ணால் அவனைப் பார்த்தாள். "வண்டி கொஞ்சம் நின்னுபோச்சு கண்ணு, இப்பச் சரியாயிருச்சு, வந்துட்டே இருக்கறோம்" என்றாள். சரியாயிருச்சு என்று அவள் சொல்லி முடிக்கவில்லை, விக். அடுத்து இன்னொன்று. நாச்சிமுத்துவின் பிடரியில் வேர்த்தது. இதே முனகல், இதே இளைப்பு, கொஞ்சமும் மாற்றமில்லை. வாசர் இல்லை. வாசராக இருந்தால் கிளம்பின உடனே காட்டியிருக்கும், இது நன்றாக ஓடி, ஓடி, அப்புறம் இளைக்கிறது. பம்ப்பா? பம்ப் என்றால் இன்றைக்கு ஒன்றும் ஆகாது, இறக்கி, கடைக்குக் கொண்டுபோய், ஐயோ. ஆனால் பம்ப் போனால் ஏர் எடுத்ததும் எப்படிக் கிளம்பியது? எதையோ உறிஞ்ச முடியாமல் தவிக்கிறது, அவன் திருகைத் திறந்ததும் தவிப்பு அடங்கியது. நிறைந்த டேங்கிலிருந்து உறிஞ்ச என்ன கஷ்டம்? குழாயில் அடைப்பா, டேங்குக்குள் தூசியா, போன வருசம்தானே கழுவினான்? கேள்வி சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வந்தது, செக்கு மாடு மாதிரி. வெள்ளச்சியும் இந்தத் தடவை நிழல்கூடப் பார்க்கவில்லை, வெட்டவெளியில் ஒரு கிளுவை வேலி ஓரமாக உட்கார்ந்துவிட்டாள். செல்ஃப் சுற்றியது, சுற்றியது, ஒன்றுமில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்த ஒரு செவலைப் பசு தலையைத் தூக்கி அவனைப் பார்த்தது. நீ வேறே, போ அக்கட்டால.

"வண்டிக்குத் திருப்பூரு போக மனசில்லீங்களாட்ட இருக்குது" என்றாள் கோகிலவாணி. என்ன அர்த்தத்தில் சொன்னாள்? திரும்பிப் பார்த்தான், அவள் முகம் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது, உதட்டோரம் மட்டும் என்னவோ இருந்தது. சிரிப்பா? இல்லை, சந்தேகமா? இவன் வேண்டுமென்றே நிறுத்துகிறான் என்று நினைத்துவிட்டாளா? சாமி சத்தியமாக இல்லைங்க என்று சொல்ல வேண்டும் போலிருந்தது, அப்படிச் சொன்னால் அது இருக்கிறது என்று சொன்ன மாதிரி ஆகிவிடுமே. மனசில்லைதான், வண்டிக்கும் இல்லை, ஓட்டுகிறவனுக்கும் இல்லை, இப்போது சொல்லு, இதைவிடச் சந்தர்ப்பம் அந்த ஆண்டவனே நேரில் வந்தாலும் தர மாட்டான், சொல்லு, வாயைத் திற. திறந்தான். "டீசல் வரலீங்க" என்றான். அட தூ. "அப்படீங்களா" என்றாள். இறங்கிச் சுற்றி வந்தான், எதற்கு என்று தெரியாமல் டயரை உதைத்தான், குனிந்து பார்த்தான், நிமிர்ந்தான். அவளும் இறங்கி நிழலுக்கு வண்டி ஓரமாக ஒண்டி நின்றாள், வெயில் ஏறிவிட்டது. "தண்ணி இருக்குதுங்களா?" என்று கேட்டாள். அவனுடைய பாட்டில்தான் டேஷ்போர்டில் இருந்தது, குடித்துப் பாதியான பாட்டில், எச்சில் படாமல் அண்ணாந்துதான் குடிப்பான், இருந்தாலும் அவனுடையது. துடைத்துக் கொடுத்தான். அவள் வாங்கினாள், மூடியைத் திருகினாள். அப்புறம் நடந்ததைத்தான் அவனால் நம்ப முடியவில்லை. அவள் அண்ணாந்து ஊற்றிக்கொள்ளவில்லை. வாய் வைத்துக் குடித்தாள்.

வாய் வைத்து. அவன் பாட்டிலில். வெள்ளகோவிலில் கூடப்பிறந்தவர்களே டம்ளரைத் தூக்கிக் குடிப்பார்கள். கடையில் சொந்த டம்ளரைத் தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கிறவள் இவள், டீக்கடை அண்ணா கொண்டுவரும் கிளாசையே ரெண்டு தரம் கழுவச் சொல்லுகிறவள், இப்போது நடு ரோட்டில், கண்ணை மூடிக்கொண்டு, தாகத்தில் மறந்துவிட்டாளா, மறந்திருப்பாள், வெயில் அப்படி, இல்லை மறக்கவில்லை, மறக்கிற ஆள் இல்லை அவள், ஒரு பொத்தான் மறக்க மாட்டாள். தொண்டை ஏறி இறங்குகிறது. பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தான். பாட்டில் மெல்லிசு, வாயை நன்றாகப் பொருத்திக் குடிக்கிறதால் உறிஞ்ச உறிஞ்ச ரெண்டு பக்கமும் ஒட்டிப்போய் உள்ளே அமுங்கியது, கடைசி மடக்குக்குத் தண்ணீர் வராமல் நின்றது, அவள் புருவத்தைச் சுருக்கி வாயை எடுத்தாள். காற்று உள்ளே போனது. பாட்டில் டொக் என்று பழையபடி புடைத்துக்கொண்டது. நாச்சிமுத்து அப்படியே நின்றான். டொக். காற்று உள்ளே போனதும் டொக். காற்று உள்ளே போகாவிட்டால் தண்ணீர் வெளியே வராது. டீசல் டேங்க் நிறைந்திருக்கிறது, நிறைந்திருக்கிறது என்று அதைத் திறந்தே பார்க்காமல் விட்டானே, காலையிலிருந்து வண்டி முழுக்கத் தேடினான், அதை மட்டும் தொடவில்லை. டேங்க் மூச்சு விட வேண்டாமா? திருகைத் தளர்த்தினபோது ஸ்ஸ் என்று உள்ளே இழுத்ததே, அப்போதே சொன்னாளே வெள்ளச்சி, மூச்சு முட்டுகிறது என்று சொன்னாளே, இந்தச் செவிட்டுப் பயலுக்குக் கேட்டதா? "ஏனுங்க, என்னாச்சு?" என்றாள் அவள். அவன் வண்டியைச் சுற்றி ஓடி, டீசல் மூடியைப் பிடித்துத் திருகினான். இறுகியிருந்தது. இன்னும் பலம் கொடுத்தான். உஸ்ஸ்ஸ் என்று, எத்தனையோ நேரமாக அடக்கி வைத்திருந்த மூச்சை வெள்ளச்சி இழுத்த இழுப்பு வேலிக்கு அந்தப் பக்கம் பசுவுக்கே கேட்டிருக்கும். சிரிப்பு அடிவயிற்றிலிருந்து கிளம்பியது, தனியாக நின்று சிரித்தான், மூடியைத் திருப்பிப் பார்த்தான், சிரிப்பு பாதியில் நின்றது.

மூடியின் நடுவில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை உண்டு, காற்று போக. அந்த ஓட்டையின் மேல் பொட்டு வைத்திருந்தது. சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம், காய்ந்து சிமெண்டு மாதிரி இறுகி, வட்டம் கொஞ்சம்கூடக் கோணாத பொட்டு. இப்படி வட்டமாகப் பொட்டு வைக்க வெள்ளகோவிலில் ஒரு விரலுக்குத்தான் தெரியும். நேற்றுச் சாயங்காலம் அவள் தன் மிசின்களுக்குப் பூசை முடித்துவிட்டுச் சந்தனக் கிண்ணத்தோடு ஷெட்டுக்குள் வந்தாள், செருப்பில்லாமல். "நீங்க வெச்சா கோணலாப் போயிரும், கொண்டாங்க" என்று அவன் கேட்காமலே ஆரம்பித்தாள். ஸ்டியரிங்குக்கு, கண்ணாடிக்கு, சக்கரங்களுக்கு. அவன் தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு, உடைக்க மறந்து நின்றான். அதற்கு மேல் அவள் எங்கெங்கே வைத்தாள் என்று அவன் பார்க்கவில்லை, அவள் காதோரம் ஒட்டியிருந்த சந்தனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஊரை விட்டுப் போகிறவள், மறுநாள் காலையில் போகிறவள், யாரோ ஒருத்தன் வண்டிக்கு இத்தனை நேரம் பொட்டு வைப்பாளா? கண்ணுக்குப் படுகிற இடத்தில் நாலு வைத்துவிட்டுப் போகாமல், குனிந்து, எவனும் பார்க்காத இந்த எண்ணெய்ப் பிசுக்கு மூடிக்குமா வைப்பாள்? சந்தோசம் இப்படி ஓட்டையை அடைத்துக்கொண்டும் வரும் போலிருக்கிறது. அவள் வந்து பக்கத்தில் நின்றாள்.

"இது நீங்க வெச்சதுங்களா?" என்று காட்டினான். "ஆமாங்க, ஏனுங்க?" "இந்த ஓட்டை வழியாத்தானுங்க டேங்குக்குக் காத்து போகோணும். அடச்சுக்கிச்சு. அதுதான் பாவம், மூச்சு முட்டி நின்னுபோச்சு." அவளுக்குப் புரிய ஒரு நொடி ஆனது. புரிந்ததும் கை வாயைப் பொத்தியது. "ஐயோ சாமி! நானா பண்ணுனேன்? காலையிலிருந்து உங்களை இந்தப் பாடு படுத்துனது நாந்தானுங்களா?" அவள் முகம் வாடப் பார்க்கிறதே என்று இவனுக்குப் பதறியது, அவசரமாகச் சிரித்தான், அவள் அவனைப் பார்த்தாள், மூடியைப் பார்த்தாள், அப்புறம் அவளும் ஆரம்பித்தாள் பாருங்கள், வண்டியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, குனிந்து குனிந்து சிரித்தாள். சுவருக்கு இந்தப் பக்கம் இத்தனை வருசம் இருந்தும் அந்தச் சிரிப்பை அவன் கேட்டதே இல்லை. "குடுங்க இப்படி" என்று மூடியை வாங்கினாள், மாராப்பில் குத்தியிருந்த மிசின் ஊசியை எடுத்தாள். சுரண்டிப் போட்டுவிடுவாளோ என்று பயந்தான். அவள் சுரண்டவில்லை. பொட்டு அப்படியே இருக்க, குங்குமத்துக்கு நடுவே ஊசியை விட்டு, ஓட்டையை மட்டும் திறந்து, ஊதிப் பார்த்து, அவன் கையில் கொடுத்தாள். "அடுத்த வருசம் மூடிக்கு வெக்க மாட்டனுங்க" என்றாள். "பக்கத்துல, தகரத்து மேல வெச்சுக்கறேன்."

மூடியைத் திருகிப் பூட்டினான். கை பூட்டியது, மனசு எங்கேயோ மாட்டிக்கொண்டு நின்றது. என்ன சொன்னாள்? பக்கத்துல வெச்சுக்கறேன். இல்லை, அதற்கு முன்னால். அடுத்த வருசம். அடுத்த வருசம் யார் எங்கே இருப்பார்கள்? பூசை வெள்ளகோவில் ஷெட்டில், இவள் திருப்பூரில், பொட்டு வைக்க அங்கிருந்து வருவாளா, பேச்சுக்குச் சொன்னாளா, பேச்சுக்குப் பேசுகிற ஆளா இவள்? "அடுத்த வருசம் நீங்க திருப்பூர்லதானுங்க இருப்பீங்க" என்றான், குரல் அவனுடையது மாதிரியே இல்லை. கோகிலவாணி ஊசியைத் திரும்ப மாராப்பில் குத்திக்கொண்டாள், அவசரமே இல்லாமல். "இருக்கறதுக்கு ஒரு காரணம் வேணும்னு ஆடி மாசமே சொன்னனுங்க" என்றாள். "நீங்கதான் ஆமாங்கன்னு சொல்லிப்போட்டு, வண்டிக்கடியிலயே கெடந்துட்டீங்க." காற்று வீசியது. பசு மேய்கிறதை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒளிந்துகொள்ள இப்போது வண்டிக்கு அடி இல்லை, சுவர் இல்லை, கையில் ஸ்பேனர்கூட இல்லை. உள்ளே ஏதோ உஸ் என்று விட்டுக்கொடுத்தது. "காரணம் நானா இருந்தாப் பத்துமுங்களா?" என்றான்.

அவள் நடந்து போய் வண்டியில் ஏறி, அவள் சீட்டில் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டாள். போச்சு, என்று நினைத்துக்கொண்டே அவனும் ஏறினான், வாய்தான் ஒழுங்காக வேலை செய்ததே, அந்த மட்டும் சரி, போச்சாது விடு, பரவாயில்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டான், சொன்னது நெஞ்சில் நிற்கவில்லை. பெட்டியைத் தூக்கி, திருகைத் தளர்த்தி ஏர் எடுத்தான், பெட்டியை மூடினான், சாவியைத் திருகினான். வெள்ளச்சி ஒரே சுற்றில் பிடித்தாள், விக்கல் இல்லை, முனகல் இல்லை, பின்னால் மிசின்கள் மூன்றும் சேர்ந்து கலகலத்தன. கியர் மேல் கை வைத்தான். சித்ராவின் போன் மறுபடி அடித்தது, கோகிலவாணி அதை எடுக்காமல் மடியில் கவிழ்த்து வைத்தாள். முன்னால் ரோட்டைப் பார்த்தாள், கண்ணாடியில் பின்னால் ரோட்டைப் பார்த்தாள், அப்புறம் அவனைப் பார்த்தாள்.

"ஏனுங்க" என்றாள், "வண்டி திருப்ப இந்த எடம் பத்துமுங்களா?"

நாச்சிமுத்து ரோட்டை எட்டிப் பார்த்தான். ரெண்டு பக்கமும் ஒரு வண்டி வரவில்லை.

"பத்துமுங்க" என்றான். "நெம்பவே பத்துமுங்க."